இரண்டு தேங்காய் எடை

ஜூன் 22, ஞாயிறு

மகள் மதிக்கு லேப்டாப் வாங்குவது பற்றிய என் ஆராய்ச்சி இன்று நிறைவு பெற்றது. முனைவர் பட்டத்துக்குக்கூட நான் இவ்வளவு படித்ததில்லை. அந்த ஆய்வேட்டை என் நெறியாளர் முழுதாக வாசித்தாரா என்பது சந்தேகம். இந்த ஆய்வையோ என் மனைவி வடிவு முதல் வரியைத் தாண்டிக் கேட்கவில்லை. குக்கர் விசில் அடித்தது என்று எழுந்து போனாள். அடுப்பில் குக்கரே இல்லை.

முடிவு: பிரவுசர் லேப்டாப். பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் இருக்காது. இணையத்தைத் திறக்கும் ஒரு சன்னல், அவ்வளவுதான். எழுதுவது, படிப்பது, சேமிப்பது எல்லாம் சன்னலுக்கு அந்தப் பக்கம் எங்கோ நடக்கும். வைரஸ் கவலை குறைவு. சூடாகாது. மூடியைத் திறந்ததும் விழித்துக்கொள்ளும். எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையில் இந்தக் குணங்கள் உள்ள எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

"தம்பி சொல்லுதான், இது மதி படிப்புக்கு ஆகாதாம். வரையுததுக்குப் பெரிய சிஸ்டம் வேணுமாம்" என்றாள் வடிவு.

தம்பி என்றால் அவள் உடன்பிறந்த பேச்சிராஜா. வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் விற்கிறான், பழுதும் பார்க்கிறான். அதுவரை என் மனதில் சின்னத் தயக்கம் இருந்தது உண்மை. அவன் ஆகாது என்று சொன்னதும் அது அறவே நீங்கியது.

மதி கட்டடக்கலை இரண்டாம் ஆண்டுக்குப் போகிறாள். முதல் ஆண்டு முழுக்கப் பலகையில் பென்சிலால் வரைந்தாள். "இந்த வருசத்துல இருந்து சாஃப்ட்வேர்ப்பா, அதுல வந்து..." என்று ஆரம்பித்தாள். "இப்ப எல்லாம் பிரவுசர்லயே வந்துட்டும்மா" என்று விளக்கினேன். கொஞ்சம் நீண்ட விளக்கம். முடிவில் "சரிப்பா" என்றாள். கடைசி பெஞ்சுக்காரர்கள் சொல்லும் "சரி சார்" என் காதில் விழுந்த மாதிரி இருந்தது. பொருட்படுத்தவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

வாங்கியாகிவிட்டது. பேச்சிராஜா கடையைத் தாண்டித்தான் அந்தக் கடைக்குப் போக வேண்டும். எதிர்ப்புறம் பார்த்துக்கொண்டே ஸ்கூட்டரை ஓட்டினேன். ஒரு ஆட்டோக்காரர் என் பார்வையைப் பற்றியும் என் பிறப்பைப் பற்றியும் கருத்துச் சொன்னார்.

அடுக்களைத் தராசில் லேப்டாப்பை வைத்துப் பார்த்தேன். இரண்டு தேங்காய் எடை. இதை வடிவிடம் சொன்னேன்.

"ரெண்டு தேங்கா வாங்கியிருந்தா சட்னியாவது அரைக்கலாம்" என்றாள்.

ஜூன் 25, புதன்

திறந்தேன். விழித்துக்கொண்டது. மூடினேன். மறுபடி திறந்தேன். மதி கல்லூரிக்குக் கேட்டாள், கொடுத்தேன்.

ஜூலை 5, சனி

காலையிலிருந்து இணையம் இல்லை. தெருமுனையில் குழாய் பதிக்கிறவர்கள் எதையோ வெட்டிவிட்டார்கள். இணையம் இல்லாத பிரவுசர் லேப்டாப் மிக நேர்த்தியான ஒரு தட்டு. வடிவு அதன்மேல் காபி டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

"தம்பிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கேட்க முடியாத காரணம் அவளுக்கும் தெரியும். இருந்தாலும் எழுதிவைக்கிறேன், பகையில் எனக்குச் சிரத்தை அதிகம், ஆவணம் இல்லாமல் வைத்துக்கொள்வதில்லை. இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, பந்தி நடந்துகொண்டிருந்தபோது, தன் நண்பர்களிடம் என்னைக் காட்டி அவன் சொன்னான்: "இதுதான் எங்க அத்தான். டாக்டர். ஆனா தலைவலின்னா இவர்ட்ட காட்டிராதீங்க, பக்கத்து வீட்டுக்குப் போயிருங்க." பந்தியே சிரித்தது. அதுகூடப் பெரிதில்லை. சாம்பார் வாளியோடு நின்ற வடிவும் சிரித்தாள்.

அதன்பிறகு அவன் வீட்டுக்கு நான் போகவில்லை. அடுத்த ஆண்டு மதிக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, அவன் கொண்டுவரும் சீர்த்தட்டுகளைச் சபையில் பரப்பி, அவன் கையால் கம்மல் போடுவது வழக்கம். சுகாதாரக் காரணங்களுக்காக அதை நான் ரத்து செய்தேன். பகுத்தறிவுக் காரணங்களும் இருந்தன. நகைக்கடையில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, கையுறை போட்ட பெண்ணைக் கொண்டு மிகச் சுத்தமாகக் காது குத்தினோம். மதி அழவில்லை. அழுதது வடிவு.

ஜூலை 19, சனி

மதியின் வரைபட மென்பொருளுக்குப் பிரவுசர் வடிவம் இருக்கிறது என்று நான் சொன்னது முற்றிலும் உண்மை. இருக்கிறது. கோடு போடுகிறது, கதவு வைக்கிறது. மாடி வரைக்கும்கூட வருகிறது. கட்டடத்தை முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்க்கச் சொன்னால்தான் யோசிக்கத் தொடங்குகிறது. பிறகு திரை வெளுத்து, பக்கம் தானாக மூடிக்கொள்கிறது.

"மெதுவாத் திருப்பிப் பாரும்மா."

"மெதுவாத்தாம்ப்பா திருப்புதேன்."

"கட்டடத்தைக் கொஞ்சம் சின்னதா வரையேன்."

மதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது சமுதாயக்கூடமாம். ஐந்நூறு பேர் உட்கார வேண்டுமாம்.

ஆகஸ்ட் 2, சனி

நேற்று மதிக்கு முதல் மதிப்பாய்வு. வகுப்பு முன்னால் வரைபடங்களை மாட்டி, ஆசிரியர்கள் கேள்வி கேட்பார்களாம். "இது பாதிதான் இருக்கு. மீதி எங்க?" என்று கேட்டு, மறுபடி செய்து வரச் சொல்லிவிட்டார்கள். அக்டோபர் பதினேழாம் தேதி அடுத்த மதிப்பாய்வு. அதிலும் இப்படியென்றால் இந்தப் பாடத்தையே அடுத்த ஆண்டு திரும்ப எடுக்க வேண்டும். ஒரு வருடம் போய்விடும்.

ஆசிரியர்களைப் பற்றி என் கருத்தை விரிவாகச் சொன்னேன். திறமைக்கு இந்த நாட்டில் எங்கே மதிப்பு இருக்கிறது? துறைத் தலைவர் நாற்காலியில் நான் உட்கார வேண்டிய இடத்தில் பொன்னம்பலம் உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் தொட்டுக்காட்டினேன். மதி தட்டில் இருந்த இட்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"அப்பா, லேப்டாப்பை நீங்களே வச்சுக்கோங்க. ஜெனோவா வீட்டுல நல்ல சிஸ்டம் இருக்கு. சாயங்காலம் அங்க போய்ச் செஞ்சுக்கிடுதேன்."

ஜெனோவா அவள் வகுப்புத் தோழி. நல்ல குடும்பம். மதியோ அப்பாவுக்காக விட்டுக்கொடுக்கும் பெண்பிள்ளை. நெகிழ்ந்துபோனேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று முதல் இந்தக் குறிப்பை லேப்டாப்பிலேயே எழுதுகிறேன்.

எவ்வளவு அருமையான பொருள்! துணிப்பைக்குள் புத்தகத்தோடு புத்தகமாகப் போய்விடுகிறது. காலையில் சார்ஜ் போட்டால் இரவுச் சாப்பாடு வரை தாங்குகிறது. துறைக் கூட்டத்தில் பொன்னம்பலம் தன் பெரிய லேப்டாப்பைத் திறந்துவிட்டு, அது அப்டேட் ஆகி முடியட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான். நான் மூடியைத் திறந்தேன், இது விழித்துக்கொண்டது. "ஆரம்பிக்கலாமா சார்?" என்று கேட்டேன். பல ஆண்டுகளில் நான் பெற்ற ஒரே வெற்றி.

என் தேவை என்ன? எழுதுவது, பழைய அரசிதழ்களை வாசிப்பது, யாருக்காவது நீளமாக மறுப்பு எழுதி அனுப்பாமல் வைத்துக்கொள்வது. இதற்கு இதைவிட மேலான கருவி கிடையாது. பேச்சிராஜாவுக்கு என்ன தெரியும்?

ஆகஸ்ட் 23, சனி

எங்கள் மூன்றடுக்குத் தூக்குச்சட்டியைக் காணோம். மதியத்துக்குக் கல்லூரிக்குக் கொண்டுபோகத் தேடினேன்.

"ஜெனோவா அம்மாட்ட கொடுத்திருக்கேன்" என்றாள் வடிவு.

"அவங்களுக்கு எதுக்கு?"

"பிள்ள தினம் அங்கதான சாப்பிடுதா. வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?"

நியாயம்தான். ஆனால் நேற்று வடிவு செய்தது உளுந்தங்களி. பேச்சிராஜாவைத் தவிர இந்த ஊரில் அதை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. ஜெனோவா அம்மாவின் பொறுமையை வியந்தேன்.

செப்டம்பர் 6, சனி

மதியின் சுடிதார்க் கையில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒரு கறை. பென்சில் கரியா என்று கேட்டேன். "இல்லப்பா, தெர்மல் பேஸ்ட். பிராசசர் மேல போடுவாங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னதை வாயிலேயே பிடித்து உள்ளே தள்ளப் பார்த்த மாதிரி முழித்தாள். கட்டடக்கலைப் பாடத்திட்டம் விரிந்துகொண்டே போகிறது.

முன்பைவிட உற்சாகமாக இருக்கிறாள். வரைபடங்களும் பிரமாதமாக வந்துகொண்டிருக்கின்றன. போனில் ஒரு படம் காட்டினாள். சமுதாயக்கூடத்தின் கூரை வழியாக வெயில் இறங்கி, தரையில் பாய் விரித்த மாதிரி கிடந்தது. உண்மையான வெயில் என்றே நினைத்தேன்.

"பிரவுசர்லயா செஞ்ச?"

"ம்" என்றாள். அந்த "ம்" எனக்குப் போதுமானதாக இருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாடியில் துணி எடுக்கப் போனேன். மதி போனில் பேசிக்கொண்டிருந்தாள். "நாளைக்கும் வாரேன். அப்பாட்ட இன்னும் சொல்லல. அம்மாதான் பையப் பைய சொல்லணும்ங்கா."

துணியோடு படியில் அப்படியே நின்றேன். எனக்கும் வயது ஐம்பத்துமூன்று ஆகிறது. இது எந்த மாதிரிப் பேச்சு என்று தெரியாதா? சாயங்காலம்தோறும் வெளியே. உற்சாகம். கறை. அம்மாவும் கூட்டு.

நான் முற்போக்கானவன். பையன் யாராக இருந்தாலும் சாதி பார்க்க மாட்டேன். மதிப்பெண் மட்டும் பார்ப்பேன்.

செப்டம்பர் 20, சனி

பின்தொடர்ந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

அடையாளம் தெரியாமல் இருக்க ஹெல்மெட் போட்டேன். எந்நாளும் போடாதவன் போட்டதால் தெருவே திரும்பிப் பார்த்தது. மதி பேருந்தில் ஏறினாள். பின்னாலேயே போனேன். சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்தவன் "சார், வணக்கம்! நீங்களா சார் ஹெல்மெட்ல?" என்று கத்தினான். என் இரண்டாம் ஆண்டு மாணவன். உள்மதிப்பீட்டில் இவனைக் கவனித்துக்கொள்கிறேன்.

மதி வண்ணாரப்பேட்டையில் இறங்கினாள். பேக்கரிக்குப் பக்கத்துப் படிக்கட்டில் ஏறினாள். மேலே பலகை: ராஜா கம்ப்யூட்டர்ஸ்.

பையன் இல்லை என்பதில் நிம்மதி வந்திருக்க வேண்டும். பையனாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பாதிப் படி ஏறி நின்றேன். கதவு ஒருக்களித்திருந்தது. மதி பெரிய திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள். சமுதாயக்கூடம் திரையில் எந்தத் தயக்கமும் இல்லாமல் சுழன்றது. என் தூக்குச்சட்டி மேசைமேல் மூன்றாகப் பிரிந்து கிடந்தது. பேச்சிராஜா உளுந்தங்களியை வழித்துக்கொண்டிருந்தான். முன்நெற்றி ஏறிவிட்டது. தொப்பையும் போட்டுவிட்டது. இவ்வளவு ஆண்டு நான் பகைத்துவந்த ஆள் மெலிந்தவன். இவன் யாரோ ஒரு நடுவயது ஆசாமி.

"எம்மா, சொன்னா கேளு" என்றான். "கடைய எட்டரைக்கு அடைச்சிருதேன். பரீட்சை நெருங்குதுல்லா? அந்த லேப்டாப் பெட்டிய உனக்குன்னுதான் வாங்கிப் போட்டிருக்கேன். ஜூன் மாசத்துல இருந்து பிரிக்காம கெடக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

"வேண்டாம் மாமா."

"ஒங்க அப்பா என்ன கடிச்சா வச்சிரப் போறாரு?"

"கடிச்சாக்கூடப் பரவால்ல மாமா. ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. மொகம் மட்டும் ஒரு மாதிரி ஆயிரும். எனக்குன்னு அவ்வளவு படிச்சுப் படிச்சு வாங்குனாங்க. அது ஆகலன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம். நான் இங்கயே முடிச்சிருதேன்."

பேச்சிராஜா கையைக் கழுவப் போனான். போகிறபோக்கில் சொன்னான்: "அத்தானுக்கு அதுதாம்மா சரியான மிசினு. என்ட்ட வந்திருந்தாலும் அவருக்கு அதத்தான் கொடுத்திருப்பேன்."

படி இறங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

செப்டம்பர் 21, ஞாயிறு

ரசம் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

மதி இன்று வாயில் பிரஷோடு, முற்றத்துச் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டாள். கல்லூரி, அங்கிருந்து வண்ணாரப்பேட்டை, கடை அடைத்ததும் வீடு. வந்த பிறகு பலகையில் கையால் வரைகிறாள், திரையில் வரைய வேண்டியதைச் சேர்த்து. எழுப்பினேன். "முழிச்சுத்தாம்ப்பா இருக்கேன்" என்றாள், நுரையோடு.

பக்கத்தில் என் லேப்டாப் திறந்திருந்தது. அது சட்டென்று விழித்துக்கொள்வதில் இன்று எனக்குப் பெருமை வரவில்லை.

அவளிடம் "எனக்குத் தெரியும்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பாடம் நடத்துகிறவனுக்கு இந்த இரண்டு வார்த்தை வரவில்லை. பேசிப் பார்த்தேன். "மழை வரும்போல" என்றுதான் வந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

வடிவு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஆய்ந்தேன். இது வழக்கமில்லை என்பதால் அவள் எச்சரிக்கையாகப் பார்த்தாள்.

"தூக்குச்சட்டியில இனிமே களி கொடுத்துவிடாத. அவனுக்குத் தொப்பை போட்டுட்டு" என்றேன்.

கீரைக்காம்பு அவள் கையிலேயே நின்றது. "யாருக்கு?"

"ஜெனோவா அம்மாவுக்கு."

காம்பை முறத்தில் போட்டாள். பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உங்கள ஏமாத்தணும்னு செய்யலங்க."

"தெரியும். நானாத்தான் ஏமாந்தேன், அதுல நீங்க யாரும் பங்கு கேக்காதீங்க." இது நன்றாக வந்ததாகப் பட்டது. தொடர்ந்தேன். "அந்தப் பெட்டிய அவன் கொண்டு வரட்டும். ஆனா பையில மறைச்சு, நான் இல்லாத நேரம் பாத்துன்னு வேண்டாம். தாய்மாமன் எப்படிக் கொண்டு வரணுமோ அப்படிக் கொண்டு வரச் சொல்லு. தட்டுல வச்சு."

"தட்டுலயா?"

"காதுகுத்துச் சீர் ஒண்ணு பாக்கி இருக்குல்லா?"

வடிவு எழுந்து அடுக்களைக்குள் போனாள். குக்கர் எதுவும் விசில் அடிக்கவில்லை. வெகுநேரம் வெளியே வரவில்லை.

அக்டோபர் 8, புதன்

நாள்காட்டி பார்த்துக் காலை ஒன்பதரைக்கு மேல் என்று குறித்தது வடிவு. கம்ப்யூட்டருக்கும் ராகுகாலம் உண்டா என்று கேட்க நினைத்தேன். என் பகுத்தறிவுக்கு இன்று விடுப்புக் கொடுத்திருந்ததால் கேட்கவில்லை.

பேச்சிராஜா சொன்னதைச் செய்கிற ஆள் இல்லை, அதற்குமேல் செய்கிற ஆள். தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி, அங்கிருந்து நடந்தே வந்தான். பட்டுச்சட்டை. அவன் மனைவி கையில் பூத்தட்டு. கடையில் வேலை பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு தட்டு: வாழைப்பழம், தேங்காய், மஞ்சள் குங்குமம், பட்டுப்பாவாடை. அந்தப் பாவாடை ஏழு வயதுப் பிள்ளைக்குத் தைத்தது. அப்போது வாங்கியதை அப்படியே வைத்திருந்திருக்கிறான். அதன்மேல் என் பார்வை போனதும் சீக்கிரமாக வேறு தட்டைப் பார்த்தேன். கடைசித் தட்டு அவன் தலைமேலேயே இருந்தது. அதில், சந்தனம் தொட்டு, மல்லிகைச் சரம் சுற்றிய கறுப்பு லேப்டாப். கனம். அவன் கழுத்து உள்ளே போயிருந்தது. எனக்குத் தெரிந்து ஐந்து தேங்காய் எடை.

தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. "விசேசமா சார்?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"பொண்ணுக்குக் காதுகுத்து" என்றேன்.

பத்தொன்பது வயதுப் பெண் வாசலில் நின்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ மாமா! மடியில வேற உக்காரணுமா?"

"எம்மா, மூட்டுவலி. மனசால உக்காந்துக்கோ."

தட்டுகளை நடுக்கூடத்தில் பரப்பினோம். பேச்சிராஜா என் முன்னால் வந்து நின்றான். எதிர்வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். அவனிடம் என்னைக் காட்டி, "சாரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"எங்க அத்தான்" என்றான் பேச்சிராஜா. "டாக்..." என்று தொடங்கி அப்படியே நிறுத்திக்கொண்டான். முகம் செத்துவிட்டது. வடிவின் கையில் காபித்தட்டு நின்றது. மதி முகத்திலிருந்து கையை எடுத்து என்னையே பார்த்தாள், என் முகம் ஒரு மாதிரி ஆகிறதா என்று.

"டாக்டர்தான்" என்றேன். "ஆனா தலைவலின்னா பக்கத்து வீட்டுக்குப் போயிருங்க."

முதலில் பேச்சிராஜா சிரித்தான். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தான், விடவில்லை. வடிவும் சிரித்தாள். பால் காய்ச்சிய அன்று சிரித்ததைவிட அதிகமாக. குறித்துவைத்திருக்கிறேன்.

அக்டோபர் 18, சனி

நேற்று மதிப்பாய்வு. மதி தேறிவிட்டாள். அந்தக் கூரை வெயிலுக்கு மட்டும் பத்து நிமிடம் பேசினார்களாம். "மீதி எங்க?" என்று யாரும் கேட்கவில்லை.

இன்று துறையில் பொன்னம்பலம் என் மேசைக்கே வந்தான். மரியாதையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"கோமதிநாயகம், என் பையன் இந்த வருசம் காலேஜ் சேர்ந்திருக்கான். நீங்க வச்சிருக்கீங்களே, இந்த லேசான பிரவுசர் லேப்டாப், வாங்கலாமா? மூடியத் திறந்தா உடனே வருது, நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

இப்படி ஒரு வாய்ப்புக்காக ஒரு மனிதன் எத்தனை ஆண்டு தவம் இருக்க வேண்டும்? "கண்ணை மூடிட்டு வாங்குங்க சார்" என்று ஒரு வரி போதும். மீதியைத் திரை வெளுத்து மூடும் அந்தப் பக்கம் பார்த்துக்கொள்ளும். அந்த வரி நாக்கு நுனி வரை வந்தது. நல்ல ருசி.

"பையன் என்ன படிக்கிறான் சார்?" என்று கேட்டேன்.

"மெக்கானிக்கல்."

"வரையணும்னா இது ஆகாது. உங்களுக்குன்னா இதை வாங்குங்க. பையனுக்கு வாங்கறதுக்கு முன்னால அவன்ட்டயே ஒருதடவை கேளுங்க, குறுக்க பேசாம." பிறகு ஒரு தாளில் முகவரி எழுதிக் கொடுத்தேன். "வண்ணாரப்பேட்டை, பேக்கரிக்கு மேல. என் மச்சினன் கடை. நல்லாப் பாத்துக் கொடுப்பான்."

"யார் அனுப்புனாங்கன்னு சொல்லட்டும்?"

"டாக்டர் அனுப்புனார்னு சொல்லுங்க" என்றேன். "சிரிப்பான். தப்பா எடுத்துக்காதீங்க."